அம்மா பார்த்த வேலையை இனி யார் பார்ப்பது?

கேள்வி: எனக்கு வயது 46. மதுரையில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு எழுதும் வேலை. அம்மா போய்ப் பத்து மாதம் ஆகிறது. அப்பா ராஜபாளையத்தில் தனியாக இருக்கிறார். மில் வேலையில் ஓய்வு பெற்றவர், வயது 75. தம்பி சென்னையில், தங்கை திருப்பூரில். நான் மூத்தவள். சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய்ச் சமைத்து, துவைத்து, வாரத்துக்கு வேண்டிய குழம்பை ஃப்ரிட்ஜில் அடுக்கிவிட்டு வருகிறேன். அம்மாவின் கைப்பக்குவம் எனக்கு வரவில்லை. அப்பா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறார். சொந்தக்காரர்கள் எல்லாரும் "இனி நீதான்மா எல்லாருக்கும் அம்மா" என்கிறார்கள்.

அத்தை ஆஸ்பத்திரியில் இருந்தது எங்களுக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. அம்மா இருந்திருந்தால் அன்று சாயங்காலமே தெரிந்திருக்கும். அம்மாவின் நகை விஷயத்தில் தம்பியும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை. போன மாதம் தங்கை போனில், "அம்மா என்னை நர்சிங் படிக்க விடாமல் இருபது வயதில் கட்டிக்கொடுத்தாள், அதை ஒருத்தரும் பேச மாட்டேன் என்கிறீர்கள்" என்றாள். இறந்தவளைப் பற்றி இப்படியா பேசுவது என்று நான் கத்திவிட்டேன்.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் அம்மா குறிப்பு எழுதிவைத்த மாதக் காலண்டர் இன்னும் தொங்குகிறது. யாரையும் தொட விடவில்லை. என் போனில் அம்மாவின் குரல் பதிவுகள் நிறைய இருக்கின்றன. கேட்கத் தைரியம் இல்லை. வருஷத் திதி நெருங்குகிறது. இன்னும் பஸ்ஸில் உட்கார்ந்து அழுகிறேன். "எத்தனை நாளைக்கு இப்படி?" என்று கணவர் கேட்கிறார். எனக்கு ஏதாவது மனநோயா? அம்மா கட்டிக்காத்த குடும்பம் என் கையில் சிதறிப்போய்விடுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பத்து மாதத்தில் பஸ்ஸில் அழுவது நோய் இல்லை. வேலைக்குப் போகிறீர்கள், வீட்டைப் பார்க்கிறீர்கள், வாராவாரம் அப்பாவையும் பார்த்துவிட்டு வருகிறீர்கள். அவ்வளவையும் செய்துவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத அந்த இரண்டு மணி நேரத்தில்தான் அழுகிறீர்கள். அழ வேறு எங்கே இடம் இருக்கிறது உங்களுக்கு?

நீண்டுபோகும் துக்கத்தை ஒரு மனநலச் சிக்கலாக மருத்துவம் இப்போது தனியாகப் பட்டியலிட்டிருப்பது உண்மைதான். உலக சுகாதார நிறுவனம் அதற்கு ஆறு மாத அளவு வைத்திருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2022இல் பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்று வைத்தது. ஆனால் இரண்டுமே நாள் கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. இறந்தவரைப் பற்றிய ஏக்கம் அநேகமாக ஒவ்வொரு நாளும் ஆளை முடக்கிப்போட வேண்டும். வேலை, உறவு எல்லாம் பெரிதும் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். வாழ்க்கைக்கே அர்த்தம் இல்லை என்பது போன்ற அறிகுறிகள் சில விடாமல் இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அது எதுவும் தெரியவில்லை. திதி நெருங்க நெருங்க அழுகை கூடலாம். முதல் வருடம் முடியும் நேரத்தில் பலருக்கும் அப்படித்தான். அப்புறமும் தூக்கமே வராமல், சாப்பாடு இறங்காமல், நாமும் போய்விட்டால் என்ன என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே யாரிடமாவது பேசுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம். தமிழிலேயே பேசலாம்.

"எத்தனை நாளைக்கு?" என்ற கேள்வி உங்கள் கணவருடையது மட்டுமில்லை. மனநலத் துறையே ரொம்ப காலம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. இறந்தவர்மேல் வைத்த பாசத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி எடுப்பதுதான் துக்கத்தின் வேலை என்று 1917இல், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த மருத்துவர் ஃபிராய்ட் எழுதினார். மூன்று வருடத்தில், 1920இல், இன்ஃப்ளூயன்சாவில் அவருடைய மகள் சோஃபி இறந்துபோனாள். ஒன்பது வருடம் கழித்து, அவள் இருந்திருந்தால் முப்பத்தாறு வயது ஆகியிருக்கும் நாளில், மகனைப் பறிகொடுத்த நண்பர் ஒருவருக்கு அவர் கடிதம் எழுதினார். இந்தத் துயரத்துக்கு ஆறுதலும் கிடைக்காது, ஈடும் கிடைக்காது, அப்படி இருப்பதுதான் சரி, அந்த அன்பைக் கைவிடாமல் வைத்திருக்க அது ஒன்றே வழி என்பது அந்தக் கடிதத்தின் சாரம். கழற்றிவிட வேண்டும் என்று சொன்னவராலேயே கழற்ற முடியவில்லை. 1990களில் கிளாஸ், சில்வர்மன், நிக்மன் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதை வெளிப்படையாகவே சொன்னார்கள். இறந்தவரோடு உள்ள உறவு முடிவதில்லை. வேறு உருவத்தில் தொடர்கிறது. அது ஆரோக்கியமான ஒன்று. திதி கொடுப்பதும் படையல் போட்டுக் காக்கைக்குச் சோறு வைப்பதும் காலம்காலமாக நம் வீடுகளில் நடக்கிறது. அம்மாவோடு உள்ள உறவைத் தொடர்வதற்கு நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஆனால் எந்த உருவத்தில் தொடர்வது? இங்கேதான் உங்களைப் பற்றி எனக்குக் கவலையாக இருக்கிறது. நீங்கள் அம்மாவை நினைப்பதோடு நிற்காமல் அம்மாவாகவே ஆகிவிடப் பார்க்கிறீர்கள். வேலை மதுரையில், வீடு மதுரையில், மனசு முழுக்க ராஜபாளையத்துச் சமையலறையில். "இனி நீதான் எல்லாருக்கும் அம்மா" என்று சொன்னவர்கள் பாசத்தில்தான் சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் அது எனக்குப் பிடிக்காத வாக்கியம். பல வீடுகளில் மூத்த மகளின் தோளில் இப்படித்தான் சுமையை ஏற்றிவைக்கிறார்கள். மற்றவர்கள் நிம்மதியாகத் துக்கப்பட்டுவிட்டுப் போகிறார்கள். அவளுக்கோ துக்கப்படக்கூட நேரம் இருப்பதில்லை.

அத்தை விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். அம்மா இருந்தால் சாயங்காலமே தெரிந்திருக்கும் என்கிறீர்கள். எப்படித் தெரிந்திருக்கும்? அம்மா அத்தைக்கு அடிக்கடி போன் போட்டிருப்பார். ஒரு நாள் எடுக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டில் விசாரித்திருப்பார். அப்புறம் உங்கள் மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சொல்லி, "நீ ஒரு தடவை பேசிடு" என்று நினைவும்படுத்தியிருப்பார். இது வேலை. நேரமும் ஞாபகமும் பொறுமையும் கேட்கிற வேலை. 1985இல் கனடாவைச் சேர்ந்த கரோலின் ரோசன்தால் என்ற சமூகவியலாளர் இதைப் பற்றியே ஓர் ஆய்வு வெளியிட்டார். உறவுகளை ஒன்றுக்கொன்று தொடர்பில் வைத்திருக்கிற ஆள் பெரும்பாலான குடும்பங்களில் ஒருவர் இருக்கிறார். அவர் அநேகமாகப் பெண். அவருக்குப் பின் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் மகளிடம் வருகிறது என்று அதில் கண்டார். கனடாவிலேயே அப்படி என்றால் நம் ஊரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அம்மா இருக்கும்வரை அது வேலை என்று யாருக்கும் தெரியவில்லை. அது நின்றபின் வீடே சிதறுவதாகத் தோன்றுகிறது. உண்மையில் நின்றிருப்பது ஒரு வேலை. வேலையைப் பிரித்துக்கொள்ள முடியும்.

அந்தக் காலண்டர் இதற்குத்தான் பயன்படப்போகிறது. யாரையும் தொட விடாமல் வைத்திருக்கிறீர்கள், சரி, இனி நீங்களே தொடுங்கள். ஆணியிலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்து, கட்டம் கட்டமாகப் படியுங்கள். அம்மாக்களின் காலண்டர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சிலிண்டர் மாற்றிய தேதி, பால்காரர் வராத நாள், யாருக்கோ ஸ்கேன், யார் பிள்ளைக்கோ பரீட்சை, தாத்தா திதி, மருமகள் பிறந்தநாள், சங்கத்துக்குக் கட்ட வேண்டிய பணம். பென்சிலில், பேனாவில், கிடைத்த இடத்தில் நுணுக்கி எழுதியிருப்பார். ஒவ்வொரு கட்டத்துக்கும் நேராக, இதை இப்போது யார் செய்கிறார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பாதிக்கு எதிரே உங்கள் பெயர் இருக்கும். மீதிக்கு எதிரே பெயரே இருக்காது.

பின் மூன்று பேரும் உட்கார்ந்து பிரியுங்கள். அத்தை, பெரியம்மா, மாமா வீடுகளுக்கு மாதம் ஒரு முறையாவது போன் செய்வது தம்பியின் பொறுப்பாகட்டும். ஆம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் வராது என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். ஆரம்பத்தில் அவருக்கு என்ன பேசுவதென்று தெரியாது; மருந்து சாப்பிட்டீர்களா, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாலே பேச்சு தானாக வரும். பிறந்தநாளும் கல்யாண நாளும் தங்கைக்கு. கல்யாணம் காதுகுத்துக்கு யார் போவது, என்ன மொய் என்பதைப் பத்திரிகை வந்த அன்றே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முடிவு செய்துவிடுங்கள். ராஜபாளையம் பயணத்தையும் உங்கள் தலையில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். தம்பிக்கு மாதம் ஒரு வாரக்கடைசி, தங்கைக்கு ஒன்று, உங்களுக்கு இரண்டு. அவர்கள் வருகிற வாரம் நீங்கள் போகக்கூடாது. குழம்பு சரியாக வைக்கிறார்களா என்று போன் போட்டுப் பார்க்கவும் கூடாது. இதுதான் உங்களுக்குக் கஷ்டமான பகுதி என்று நினைக்கிறேன்.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டும். மனைவியை இழந்த, 55 வயதைக் கடந்த 4,486 ஆண்களைப் பின்தொடர்ந்து பிரிட்டனில் செய்த ஓர் ஆய்வு 1969இல் வெளிவந்தது. முதல் ஆறு மாதத்தில் 213 பேர் இறந்திருந்தார்கள். அதே வயதில் மனைவியோடு இருந்த ஆண்களில் எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட இது 40 சதவீதம் அதிகம். அந்தக் கூடுதல் இறப்புகளில் பெரும்பங்கு இதய நோயால் வந்தவை. அந்த ஆறு மாதத்தை அப்பா கடந்துவிட்டார் என்பதால் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பல வீடுகளில் ஆணின் உடம்பையும் அம்மாதான் கவனித்திருப்பார் என்பதற்காகச் சொல்கிறேன். அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை யார் எடுத்துக் கொடுத்தது? கண் டாக்டரிடம் யார் கூட்டிப்போனது? இரண்டு வாயோடு எழுந்துவிடுகிறார் என்பதை உங்கள் சமையலுக்குக் கிடைத்த மார்க்காக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது பசியின்மையாக இருக்கலாம், பல்வலியாக இருக்கலாம், மாத்திரையின் பின்விளைவாகவோ மனச்சோர்வாகவோ இருக்கலாம். வயதான ஆண்கள் பலர் மனச்சோர்வை வாயால் சொல்ல மாட்டார்கள், சாப்பாட்டைத்தான் குறைப்பார்கள். எடை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு பொது மருத்துவரிடம் கூட்டிப்போய், மனைவி இறந்து பத்து மாதம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம், அவருக்குப் பரிமாறிவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். சமையலறைக்குக் கூப்பிடுங்கள். வத்தக்குழம்புக்கு அம்மா புளியை எவ்வளவு நேரம் ஊறவைப்பார், வத்தலை எந்த எண்ணெயில் பொரிப்பார், பொடியை எப்போது போடுவார் என்று அவரிடம் கேளுங்கள். அத்தனை வருடம் அந்தச் சமையலறையின் வாசம் பிடித்த மனிதர், அவருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது. அவரே பூண்டு உரிக்கட்டும். தப்பாகச் சொன்னாலும் அவர் சொல்கிறபடியே வையுங்கள். அம்மாவைப் பற்றி அவர் பேச ஆரம்பிப்பது பெரும்பாலும் இப்படி ஏதாவது ஒரு வேலைக்கு நடுவில்தான் நடக்கும். "அம்மா ஞாபகம் வருதாப்பா?" என்று நேராகக் கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.

நகை விஷயத்தை நீட்ட வேண்டாம். அம்மாவின் நகை மகளுக்குத்தான் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். உயில் இல்லாமல் இறந்த இந்துப் பெண்ணின் சொந்தச் சொத்தில் கணவருக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சம பங்கு என்பது 1956ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்வது. உங்கள் வீட்டில் நான்கு பங்கு. அந்த அடிப்படை தெரிந்தபின் விட்டுக்கொடுப்பது அவரவர் விருப்பம். அப்பாவையும் வைத்துக்கொண்டு ஒரே அமர்வில் எடை போட்டு, எழுதி, நான்கு பேரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். திதி அன்று மட்டும் இந்தப் பேச்சை எடுக்கவே வேண்டாம்.

குரல் பதிவுகளைக் கேட்க இப்போது தைரியம் வராவிட்டால் பரவாயில்லை. ஆனால் போன் தொலையும், உடையும், மாறும். இந்த வாரமே அவற்றையெல்லாம் கம்ப்யூட்டரிலும் ஒரு பென்டிரைவிலும் நகல் எடுத்துவையுங்கள். கேட்காமலேயே எடுக்கலாம். தங்கையிடமும் தம்பியிடமும் இருப்பவற்றையும் வாங்கிச் சேருங்கள். அவற்றில் முக்கால்வாசி "போய்ச் சேர்ந்துட்டியா", "மாவு தீர்ந்துடுச்சா", "போனை ஏன் எடுக்கலை" என்றுதான் இருக்கும். உங்கள் பேரப்பிள்ளைகள் ஒருநாள் அதைக் கேட்டால், மாலை போட்ட படத்திலிருந்து தெரியாத ஒரு பெண்மணியை அதில் தெரிந்துகொள்வார்கள். படம் மாட்டுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எல்லா வீட்டிலும் படத்தில் இருப்பவர் ஒரே மாதிரி ஆகிவிடுகிறார்: பொறுமைசாலி, தியாகி, தெய்வம். உங்கள் அம்மாவுக்குக் கோபம் வந்ததில்லையா? யாரையும் பிடிக்காமல் போனதில்லையா? வாங்க ஆசைப்பட்டு வாங்காமலே விட்ட பொருள் எதுவும் இல்லையா?

தங்கையின் விஷயத்துக்கு இப்போது வருகிறேன். உங்கள் கடிதத்தில் ரொம்ப நேரம் நான் நின்றது அந்த இடத்தில்தான். அவள் அம்மாவைப் பழிக்கவில்லை. தன் அம்மாவைப் பற்றிப் பேசினாள். ஒரு வயிற்றில் பிறந்தாலும் மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே அம்மா கிடைப்பதில்லை. உங்களைப் பெற்றபோது இருந்த பெண் வேறு, கடைசிப் பிள்ளையை வளர்த்தபோது கடனும் கவலையும் சேர்ந்து இருந்த பெண் வேறு. தங்கையின் படிப்பை நிறுத்தியபோது வீட்டில் என்ன நடந்தது? பணம் இல்லையா, ஊர்ப்பேச்சுக்குப் பயமா, அப்பா பிடிவாதமா? அது உங்கள் மூன்று பேரில் யாருக்காவது தெரியுமா? தெரிந்த ஒரே ஆள் அப்பாதான், அவருக்கு 75 வயது. அம்மா செய்தது தவறாகவே இருந்தாலும், அதைத் தவறு என்று சொல்லிவிட்டு அம்மாவுக்காக அழ உங்கள் தங்கையால் முடியும். அந்த இடத்தை நீங்கள் அவளுக்குக் கொடுக்க வேண்டும். இப்போது நல்லதை மட்டும் பேச அனுமதி என்பதால்தான் அவள் விலகி நிற்கிறாள் என்று நினைக்கிறேன். நகைச் சண்டையிலும் இதுதான் பாதி இருக்கும்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் முழுக் கதைதான் நல்லது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்ற இரண்டு உளவியலாளர்கள் பிள்ளைகளிடம் குடும்பத்தைப் பற்றி இருபது கேள்விகள் கேட்டார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், அம்மா அப்பா எப்படிச் சந்தித்தார்கள், வீட்டில் நடந்த கெட்டது என்ன தெரியுமா என்கிற மாதிரிக் கேள்விகள். பதில் அதிகம் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் என்ற உணர்வும் கூடுதலாக இருந்தன. ஏற்றமும் இறக்கமும் கலந்து சொல்லப்படும் குடும்பக் கதைதான் பிள்ளைகளுக்கு அதிக பலம் தருகிறது என்பது டியூக்கின் கருத்து. ஆச்சி சித்தியைப் படிக்க விடவில்லை, அது சித்திக்கு வலித்தது, ஆனாலும் சித்தியின் பிரசவத்துக்கு ஆச்சிதான் இரண்டு மாதம் திருப்பூரில் போய் இருந்தாள் என்கிற மாதிரி, உங்கள் வீட்டில் நடந்ததைச் சேர்த்துச் சொல்லலாம். தெய்வமாக்கிய ஆச்சியிடம் பேரன் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது.

இறந்த வீட்டில் ஒப்பாரி பாடிய நம் பாட்டிகள் இறந்தவரைப் புகழ்ந்து மட்டும் நிறுத்தவில்லை. வராத அண்ணனையும் தராத சீரையும் அந்த வரிகளில் இழுத்து வைத்தார்கள். ஊரே கேட்டது, யாரும் வாயை மூடு என்று சொல்லவில்லை. திதிக்கு முந்தின நாள் சாயங்காலமே மூன்று பேரும் ராஜபாளையம் போய்ச் சேர்ந்துவிடுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். சமையலை வெளியில் சொல்லிவிடுங்கள். அம்மாவுக்குப் பிடித்த ஒன்றைமட்டும் வீட்டில் செய்தால் போதும், அதையும் நீங்கள் தனியாகச் செய்யாதீர்கள். அன்றிரவு அந்தக் காலண்டரை நடுவில் வைத்துக்கொண்டு பேசுங்கள். எதுவரை பேச்சு போகிறதோ போகட்டும், தங்கை அழுதால் அழட்டும்.

ஆனால் அதற்கு முன்னால் தங்கை உங்களோடு பேசியாக வேண்டும். இன்று இரவு பிள்ளைகள் தூங்கியபின் அவளுக்குப் போன் செய்யுங்கள். அம்மா எவ்வளவு கஷ்டப்பட்டாள் என்று விளக்க ஆரம்பிக்காதீர்கள். "அன்னைக்கு நீ சொல்ல வந்ததை முழுசா சொல்லு, நான் குறுக்கே பேசலை" என்று சொல்லிவிட்டு, கேளுங்கள்.